கேள்வி – பதில்: பல்லில்லாமல் மலையேறும் எஞ்சின்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில் டார்ஜிலிங் மலை ரயிலின் 'பி' வகுப்பு நீராவி எஞ்சின் படம் வெளியானது. பிரிட்டனின் ஷார்ப் ஸ்டூவர்ட் நிறுவனம் 1889-ல் கட்டத் தொடங்கிய வடிவம் அது. இரண்டடி அகலத் தண்டவாளம், நாலே நாலு சக்கரம், முதுகில் தண்ணீரும் நிலக்கரியும். படத்தைப் பார்த்த வாசகர்கள் வழக்கத்தைவிட நுணுக்கமாகக் கேட்டிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

மேட்டுப்பாளையம் வாசகர்: எங்கள் ஊட்டி ரயிலுக்குத் தண்டவாள நடுவில் பல்சட்டம் இருக்கிறது. டார்ஜிலிங் ரயிலுக்கு அது இல்லை. அதுவும் மலைதானே, வழுக்காதா?

வழுக்கும். வழுக்கினாலும் சமாளிக்கக்கூடிய சரிவுக்குள் பாதையைப் போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். பி வகுப்பு எஞ்சினின் எடை சுமார் 15½ பிரிட்டிஷ் டன், நம் கணக்கில் 15.75 மெட்ரிக் டன். எல்லா எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காய்ந்த, சுத்தமான தண்டவாளத்தில் இரும்புக்கு இரும்பு பிடிமானம் எடையில் 22 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் சுழன்றுவிடாமல் சுமார் 3,460 கிலோ விசையோடு இழுக்கலாம். பனியும் இலைச்சாறும் படிந்த தண்டவாளத்தில் இது 10 சதவீதத்துக்கும் இறங்கிவிடும். அப்போது கிடைப்பது 1,575 கிலோதான்.

இனி சரிவு. 25 அடி போனால் 1 அடி ஏறும் சரிவில் ஒவ்வொரு டன்னையும் மேலே தள்ள 40 கிலோ விசை வேண்டும். சக்கரம் உருளும் தடை, வளைவில் உராயும் தடை எல்லாம் சேர்த்து இன்னொரு 20 கிலோ போடுங்கள். ஆக டன்னுக்கு 60. காய்ந்த நாளில் 3,460-ஐ 60-ஆல் வகுத்தால் 58 டன் வருகிறது. எஞ்சினைக் கழித்தால் 42 டன் பெட்டிகள். ஈர நாளில் மொத்தமே 26 டன், பெட்டிக்கு மிஞ்சுவது 10 டன். பரிதாபம்தான், ஆனாலும் நகரும்.

இதே எஞ்சினைக் கல்லாறுக்கு மேலே உங்கள் பாதையில் விட்டுப் பாருங்கள். அங்கே சரிவு ஏறக்குறைய 12-க்கு 1. டன்னுக்கு 83, தடை 20, மொத்தம் 103 கிலோ. ஈரத் தண்டவாளத்தில் 1,575-ஐ 103-ஆல் வகுத்தால் 15.3 டன். எஞ்சினின் எடையே 15.75. தன்னையே தூக்க முடியாத எஞ்சின் பெட்டியை எங்கே இழுப்பது? அதனால்தான் 1899-ல் திறந்த மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையில், கல்லாறிலிருந்து குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் ஆப்ட் முறைப் பல்சட்டம் தேவைப்பட்டது.

டார்ஜிலிங் பாதை பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மாட்டு வண்டிச் சாலையை ஒட்டியே போகிறது. ஈஸ்டர்ன் பெங்கால் ரயில்வேயின் பிராங்கிளின் பிரெஸ்டேஜ் முன்வைத்த திட்டம் அது. 1879-ல் தொடங்கி 1881 ஜூலையில் டார்ஜிலிங்கைத் தொட்டுவிட்டார்கள். புதிதாக மலையைக் குடையாததால் செலவு குறைந்தது. அதற்கு விலையாக, சாலை போன சரிவையும் வளைவையும் எஞ்சின் தன் தலையில் சுமக்க வேண்டியதாயிற்று. இந்த எஞ்சினின் வடிவத்தில் விநோதமாகத் தெரிவதில் முக்கால்வாசி அங்கிருந்து வந்ததுதான்.

பெரம்பூர், பொறியியல் மாணவி: சக்கரம் ஏன் இவ்வளவு சின்னது? பழைய எஞ்சின்கள் என்றாலே ஆள் உயரச் சக்கரம்தானே நினைவுக்கு வருகிறது?

உங்கள் ஊர் லோகோ பணிமனையில் புதுப்பிக்கப்பட்ட 'ஃபேரி குயீன்' எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1855-ல் லீட்ஸ் நகரில் கட்டி, ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்காகக் கல்கத்தா வந்தது. அதன் சிலிண்டர் விட்டம் 12 அங்குலம், பிஸ்டன் வீச்சு 22 அங்குலம், இழுசக்கரத்தின் விட்டம் 72 அங்குலம். பி வகுப்பில் சிலிண்டர் 11, வீச்சு 14, சக்கரம் 26 அங்குலம். பார்த்த மாத்திரத்தில் முதலாவதுதான் பலசாலி என்று தோன்றும்.

இழுவிசைக்கான சூத்திரம்: சிலிண்டர் விட்டத்தின் வர்க்கத்தை வீச்சால் பெருக்கி, சக்கர விட்டத்தால் வகுக்க வேண்டும். ஃபேரி குயீனுக்கு 144 × 22 ÷ 72 = 44. பி வகுப்புக்கு 121 × 14 ÷ 26 = 65. அதாவது இரண்டு பாய்லரிலும் ஒரே அழுத்தம் இருந்தால், பொடியன் எஞ்சின் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பலமாக இழுக்கும். சமவெளியில் தபால் வண்டியை விரட்டிக்கொண்டு ஓடப் பெரிய சக்கரம் வேண்டும். மலையில் அது வேண்டாத சுமை.

பி வகுப்பின் பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. சிலிண்டருக்குள் சராசரியாக அதில் 85 சதவீதம் வேலை செய்யும் என்பது வழக்கமான எடுகோள். 0.85 × 140 × 65.2 என்றால் ஏறத்தாழ 7,750 பவுண்டு, அதாவது சுமார் 3,500 கிலோ. மேட்டுப்பாளையம் வாசகருக்குச் சொன்ன பிடிமானக் கணக்கை மறுபடி பாருங்கள்: 3,460 கிலோ. சிலிண்டர் தரும் பலமும் தண்டவாளம் தாங்கும் பிடியும் ஏறக்குறைய ஒரே எண். வரைபடம் போட்டவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இதற்கு மேல் சிலிண்டரைப் பெரிதாக்கியிருந்தால் சக்கரம்தான் நின்ற இடத்தில் சுற்றியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஃபேரி குயீனில் ஆறு சக்கரம் இருந்தாலும் இழுப்பது நடு அச்சு மட்டுமே. முன்னும் பின்னும் இருப்பவை எடையைத் தாங்குகின்றன, பிடிமானத்துக்கு உதவுவதில்லை. பி வகுப்பில் சும்மா உருளும் சக்கரம் ஒன்றுகூடக் கிடையாது.

கடலூர் வாசகர்: பின்னால் டெண்டர் இல்லை. தண்ணீரும் கரியும் எங்கே?

பாய்லரின் மேல் குதிரைச் சேணம் போலக் கவிழ்த்த தொட்டி ஒன்று. கீழே சட்டங்களுக்கு நடுவே கிணறு போல இறங்கிய தொட்டி இன்னொன்று. கரி, டிரைவர் நிற்கும் அறைக்கு முன்னால், பாய்லர் மேலேயே ஒரு பெட்டியில். தனி டெண்டர் வைத்தால் அதுவும் இழுக்க வேண்டிய பாரம். முதுகில் வைத்தால் அதே எடை சக்கரத்தை அழுத்தி, பிடிமானமாக மாறுகிறது.

இதில் இரண்டு சங்கடம் உண்டு. ஓடஓடத் தண்ணீர் குறையும், கூடவே பிடிமானமும் குறையும். தொட்டி காலியாகும் நேரம் பார்த்துச் செங்குத்தான ஏற்றம் வந்தால் டிரைவருக்குத் திண்டாட்டம். இரண்டாவது சங்கடம் வெளியில் தெரியாது. சேணத் தொட்டி பாய்லரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அதன் தண்ணீர் மெல்லச் சூடாகும். பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டர், நீராவி குளிர்ந்த நீரில் பட்டுச் சட்டென்று சுருங்குவதால்தான் வேலை செய்கிறது. தண்ணீர் கைபொறுக்காத சூட்டுக்கு வந்துவிட்டால் நீராவி சுருங்காது. இன்ஜெக்டர் பாய்லருக்குள் தள்ளாமல் வழிவு குழாய் வழியே ஆவியும் நீருமாகத் துப்பும். அப்போது நீராவி வால்வை மூடி, இன்ஜெக்டர் உடம்பில் ஈரச் சாக்கைப் போட்டு ஆறவிட்டு, முதலில் தண்ணீரையும் பிறகு நீராவியையும் திறக்க வேண்டும். பாய்லரின் தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் பாதிக்குக் கீழே போகும்வரை காத்திருந்துவிட்டு இந்த வேலையில் இறங்குபவர் வம்பை விலைக்கு வாங்குகிறார்.

சட்டங்களுக்கு நடுவே தொட்டி வந்துவிட்டதால் வால்வு ஓட்டும் கம்பிகளுக்கு உள்ளே இடமில்லை. அவை வெளியே வந்தன: வால்ஷார்ட்ஸ் வகை. எண்ணெய் விடுபவருக்கு இது பெரிய வரம். குழியில் இறங்கிக் குனிய வேண்டாம், நின்றபடியே எல்லா மூட்டுக்கும் விடலாம்.

கோவில்பட்டி வாசகர்: எஞ்சினின் முன்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்களே, ஓசிப் பயணமா?

சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பவர்கள். மணல்காரர்கள். ஆளுக்கொரு தண்டவாளம். சக்கரம் வழுக்கும் இடத்தில் அதற்கு முன்னால் கையாலேயே மணல் தூவுவார்கள். டிரைவர், ஃபயர்மேன், கரி மேல் உட்கார்ந்து கட்டியை உடைப்பவர், இந்த இருவர் என ஒரு சின்ன எஞ்சினுக்கு ஐந்து பேர்.

குழாய் வழியே மணல் கொட்டும் பெட்டி வைத்திருக்கலாமே என்று இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். பனிமூட்டத்தில் மணல் ஈரமாகிக் கட்டிபிடிக்கும், குழாய் அடைக்கும். அதைவிட, இவ்வளவு நெருக்கமான வளைவில் குழாயின் வாய் தண்டவாளத்தை விட்டு விலகி மணலைப் பக்கத்தில் கொட்டும். மனிதக் கை அப்படித் தவறாது.

மணல் தூவுவதிலும் முறை இருக்கிறது. காய்ந்து, சலித்த மணலாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடியை மெல்லிய கோடாக விட்டால் போதும். அள்ளிக் கொட்டினால் எஞ்சின் சக்கரம் தாண்டிப்போன மணலில் பின்னால் வரும் பெட்டிச் சக்கரங்கள் அரைபட்டு ஓடும், இழுக்கும் பாரம் கூடும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக விழ வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அச்சு முறுக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரம் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது அதன் அடியில் மணல் போடவே கூடாது. பறக்கும் சக்கரம் சட்டென்று பிடித்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் இணைப்புத் தண்டிலும் கிராங்க் பின்னிலும் இறங்கும். முதலில் சிலிண்டருக்கு நீராவி விடும் ரெகுலேட்டரை மூடிச் சுழற்சியை அடக்கு, பிறகு மணல், பிறகு மெல்லத் திற. வரிசை மாறினால் தண்டு வளையும்.

வழுக்கலால் நெருப்புக்கும் கேடு. வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே போகும்போது காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பில்தான் நெருப்பு எரிகிறது. சக்கரம் பறந்தால் இழுப்பும் பறக்கும். ஃபயர்மேன் பார்த்துப் பார்த்து விரித்த கரிப்படுகை பிய்ந்து, கங்கு புகைபோக்கி வழியே வெளியே தெறிக்கும், படுகையில் ஓட்டை விழும், அதன் வழியாகக் குளிர்காற்று புகும். அரை நிமிட வழுக்கலுக்குப் பத்து நிமிட அழுத்தம் போய்விடும்.

தஞ்சாவூர், இயற்பியல் ஆசிரியர்: சரிவில் நிற்கும் பாய்லருக்குள் தண்ணீர் மட்டம் சாயுமே. ஃபயர்பாக்ஸின் கூரை வெளியே தெரிந்துவிடாதா?

அபாரமான கேள்வி ஐயா. மலை எஞ்சின் ஓட்டுபவர்களுக்குத் தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டியது இது.

ஃபயர்பாக்ஸ் என்பது பாய்லரின் பின்முனையில் கரி எரியும் பெட்டி. அதன் கூரைக்குக் கீழே கொழுந்துவிட்டெரியும் நெருப்பு, மேலே தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை அந்தத் தகடு பத்திரம். அரையடி தூரம் வெறுமையாகிவிட்டால் சிறிது நேரத்தில் பழுக்கக் காய்ந்து இளகும். 140 பவுண்டு அழுத்தம் அதைக் கீழே பிதுக்கும். பாய்லர் வெடிப்பு என்பதன் வழக்கமான கதை இதுதான்.

சிலிகுரியிலிருந்து ஏறும்போது புகைபோக்கி மேட்டைப் பார்த்திருக்கும். தண்ணீர் பின்பக்கம், அதாவது ஃபயர்பாக்ஸ் பக்கம் சேரும். கூரை நன்றாக மூழ்கியிருக்கும். ஆனால் கேஜ் கிளாஸும் அதே பின்பக்கத்தில்தான் இருக்கிறது. எனவே கண்ணாடி காட்டுவது உள்ளதைவிடக் கூடுதல். 'முக்கால் கிளாஸ் இருக்கிறது' என்று நிம்மதியாக வருகிறவர் உண்மையில் பாதியோடு வருகிறார்.

அடுத்து இசட் வடிவப் பின்னேற்றம் வரும். ரயில் ஒரு முட்டுப்பாதையில் போய் நிற்கும். தடம் மாற்றும் பாயிண்டை மாற்றியதும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு அடுத்த படிக்கு ஏறும். இப்போது ஏறும் திசை பின்பக்கம். புகைபோக்கி பள்ளத்தைப் பார்க்கிறது. பாய்லருக்குள் இருந்த தண்ணீர் முழுவதும் முன்பக்கம் ஓடுகிறது. எவ்வளவு இறங்கும்? தண்ணீரின் நீளம் 2 மீட்டர், சரிவு 25-க்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு முனையும் 1 மீட்டர். ஆக ஒரு திசையில் 40 மி.மீ. ஏற்றம், மறுதிசையில் 40 மி.மீ. இறக்கம். பாயிண்ட் மாற்றிய ஒரு நிமிடத்துக்குள் ஃபயர்பாக்ஸ் மேல் தண்ணீர் 80 மி.மீ. குறைந்துவிடும். ஒரு சொட்டும் செலவாகவில்லை, ஆனாலும் குறைந்துவிட்டது.

கூம் நிலையம் 2,258 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டி டார்ஜிலிங் நோக்கிப் பாதை இறங்குகிறது. புகைபோக்கி முன்னால் வைத்து ஏறிவந்த எஞ்சின் அங்கேயும் மூக்கைக் கீழே குத்திக்கொண்டுதான் போகும். எனவே பின்னேற்றத்துக்கு முன்னாலும் கூமுக்கு முன்னாலும் தண்ணீரை ஏற்றிக்கொள்வது கட்டாயம்.

அப்படியானால் எப்போதும் கழுத்துவரை நிரப்பி ஓட்டினால் என்ன? அங்கேதான் எதிர்ப்பக்கத்துக் கண்ணி. தண்ணீர் மட்டம் மிக உயர்ந்தால், ரெகுலேட்டரைத் திறந்ததும் நீராவியோடு தண்ணீரும் குழாயில் ஏறிச் சிலிண்டருக்குப் போகும். நீராவி அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் மோதினால் சிலிண்டர் மூடி பிளக்கும். புகைபோக்கியில் வெள்ளை நுரையும் சாரலும் தெறித்தால் அதுதான் அடையாளம்: உடனே ரெகுலேட்டரைக் குறைத்து, சிலிண்டரின் வடிகால் குழாய்களைத் திறக்க வேண்டும்.

கடைசிக் காவலாளி, ஃபயர்பாக்ஸ் கூரையில் திருகிவைத்த ஈயம் நிரப்பிய பிளக். தண்ணீர் விலகினால் ஈயம் உருகும், நீராவி நெருப்பின்மேல் பீய்ச்சும். அது நெருப்பை முழுக்க அணைத்துவிடும் என்று நம்பக் கூடாது; உள்ளே என்ன நடக்கிறது என்று இரைச்சலிட்டுச் சொல்லும், அவ்வளவே. பிளக்கின்மேல் உப்புப் படிவு மூடிவிட்டால் அதையும் சொல்லாது. அதனால் பாய்லர் கழுவும்போதெல்லாம் அதைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

சேலம் வாசகி: காலையில் சாவி போட்டதும் கிளம்புமா? எவ்வளவு நேரம் முன்னால் அடுப்பு மூட்ட வேண்டும்?

முற்றிலும் ஆறிய பாய்லருக்கு ஐந்தாறு மணி நேரம். அதற்கும் குறைத்து அவசரப்படுத்தலாம், ஆனால் பாய்லர் பழிவாங்கும். ஃபயர்பாக்ஸ் சீக்கிரம் விரிய, அடிவயிற்றுத் தகடு குளிர்ந்தே இருக்க, இரண்டுக்கும் நடுவே இழுபட்டுக் குழாய் முனைகள் தகட்டை விட்டுத் தளரும். அடுத்த நாள் நெருப்பின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

முதலில் கேஜ் கிளாஸில் அரையளவு தண்ணீர் உண்டா என்று பார்த்து, கீழ்க்குழாயைத் திறந்து மூடிச் சோதிக்க வேண்டும். மட்டம் உடனே பழைய இடத்துக்கு வந்தால் குழாய் சுத்தம், தயங்கி வந்தால் அடைப்பு. பிறகு ஃபயர்பாக்ஸுக்குள் விளக்கைக் காட்டிப் பிளக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். புகைப்பெட்டியில் நேற்றைய சாம்பலை வாரிக் கதவை இறுக மூட வேண்டும். அந்தக் கதவில் இம்மி காற்று புகுந்தாலும் இழுப்பு கெட்டுவிடும். 'கரி சரியில்லை' என்று புலம்பும் பாதிப் பேருக்குக் கோளாறு இந்தக் கதவில்தான் இருக்கும். ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா, கைப்பிரேக் இறுகியிருக்கிறதா, வடிகால் குழாய்கள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, கம்பித்தட்டின் மேல் மெல்லக் கரி பரப்பி, அதன்மேல் விறகும் எண்ணெயில் நனைத்த துணிக்கழிவும் போட்டுப் பற்றவைப்பார்கள்.

முதல் இரண்டு மணி நேரம் எதுவும் நடக்காதது போலவே இருக்கும். 20, 30 பவுண்டு அழுத்தம் வந்தபின் புகைபோக்கிக்குள் நீராவியைப் பீய்ச்சும் புளோயரை இலேசாகத் திறந்தால் சொந்த நீராவியிலேயே இழுப்பு கிடைக்கும். கரி, கைமுட்டி அளவுக் கட்டிகளாக இருக்க வேண்டும். பெரிய கட்டி வெளியே மட்டும் எரியும். தூளோ கம்பி இடுக்கில் விழும், அல்லது எரியாமலே புகைபோக்கிக்குப் போகும். மேலே ஒருவர் சுத்தியலோடு உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான்.

விருதுநகர் வாசகர்: ஏறுவது சரி. இறங்கும்போது எப்படிப் பிடித்து நிறுத்தினார்கள்?

எஞ்சின் பிரேக்கை மட்டும் நம்பி அல்ல. நீராவிக் காலத்தில் பெட்டிகளிலேயே பிரேக்ஸ்மேன்கள் இருப்பார்கள். டிரைவரின் விசில் கேட்டுக் கையால் இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். எல்லா எடையையும் எஞ்சினின் நாலு சக்கரத்தால் பிடிக்கப் பார்த்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கும் சக்கரத்துக்கு உருளும் சக்கரத்தைவிடப் பிடி குறைவு. மேலும் மேலும் இறுக்கினால் மேலும் மேலும் சறுக்கும், சக்கர விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகும். பூட்டியது தெரிந்தால் தளர்த்தி உருளவிட்டு மறுபடி இறுக்குவதே வழி.

இன்னொரு நுணுக்கம்: இறக்கத்தில் ரெகுலேட்டரை அடியோடு மூடினால் பிஸ்டன்கள் பம்பு மாதிரி வேலை செய்து புகைப்பெட்டியின் சாம்பலைச் சிலிண்டருக்குள் உறிஞ்சும். எண்ணெய்ப் படலம் போய் வால்வு முகம் கீறல்படும். அதனால் ஒரு மூச்சு நீராவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும்படி விடுவார்கள்.

திருநெல்வேலி வாசகர்: இதைவிடப் பெரிய எஞ்சினை யாரும் முயலவில்லையா?

முயன்றார்கள். இந்தியாவுக்கு வந்த முதல் காரட் எஞ்சினே டார்ஜிலிங் பாதைக்குத்தான், பேயர் பீகாக் நிறுவனத்திலிருந்து 1911-ல் வந்தது. நடுவில் ஒரு பாய்லர், முன்னும் பின்னும் நாலு சக்கர வண்டி ஒவ்வொன்று. வளைவில் மடங்கும், இரண்டு பி எஞ்சினின் வேலை செய்யும் என்பது எதிர்பார்ப்பு. ஒன்றோடு நின்றுவிட்டது. பி வகுப்போ 1920-களின் நடுப்பகுதிவரை தொடர்ந்து கட்டப்பட்டது, மொத்தம் 34. அதில் மூன்று அமெரிக்காவின் பால்ட்வின் கட்டியவை. மூன்றைப் பாதையோரத்துத் தின்தாரியா பணிமனையே கட்டியது. மலைமேல் உள்ள பணிமனையில் கட்டிவிட முடிகிற அளவுக்கு எளிமையான எஞ்சின் என்பதே அதன் பெரிய பலம் என்பது எங்கள் கருத்து.

திருச்சி பொன்மலை வாசகர்: எங்கள் பணிமனையில் கட்டிய நீலகிரி எஞ்சின்கள் எண்ணெயில் ஓடுகின்றன. இதையும் அப்படி மாற்றலாமே?

787 எண் எஞ்சினில் செய்து பார்த்தார்கள், நீலகிரி முறையையே பின்பற்றி. எண்ணெய் பீய்ச்சவும் தண்ணீர் பம்பை ஓட்டவும் டீசல் ஜெனரேட்டர், பிரேக்குக்குக் கம்ப்ரசர், தண்ணீரைச் சூடேற்றும் சாதனம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியதில் எஞ்சினின் தோற்றமே மாறிப்போனது. சோதனை ஓட்டங்கள் திருப்தி தரவில்லை. வழக்கமான சேவைக்கு வரவில்லை. நீலகிரியின் 'எக்ஸ்' வகுப்பு எடையில் இதைப்போல மூன்று மடங்கு. அங்கே பொருந்தியதெல்லாம் இந்தக் குட்டி முதுகில் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

நாகர்கோவில், பள்ளி மாணவர்: ஒரு பயணத்தில் எத்தனை தடவை 'சுக்' என்று சொல்லும்?

சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். சிலிகுரியிலிருந்து டார்ஜிலிங்வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று கொண்டால் 38,600 சுற்று. இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் முன்னும் பின்னும் வேலை செய்வதால் சுற்றுக்கு நாலு 'சுக்'. ஆக ஒன்றரை லட்சத்துக்கும் மேல். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 390-ஐ ஒட்டி வரும். காதால் எண்ண முடியாது. நாலும் ஒரே அளவாகக் கேட்டால் வால்வு சரியாக இருக்கிறது. ஒன்று பலமாகவும் அடுத்தது சோகையாகவும் நொண்டியடித்துக் கேட்டால் வால்வுத் தண்டின் நீளம் பிசகியிருக்கிறது என்று ஷெட்டில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள்.

மதுரை வாசகர்: ஓய்வுபெற்ற ஃபிட்டர் நான். வீட்டில் ஓடும் மாடல் செய்ய ஆசை. என்ன அளவு எடுக்கலாம்?

ஓர் அடிக்கு 16 மி.மீ. என்ற அளவு எடுங்கள். அதாவது 19-ல் ஒரு பங்கு. இரண்டடித் தண்டவாளம் 32 மி.மீ. ஆகும், அந்த அகலத்துக்குத் தண்டவாளமும் சக்கரமும் தயாராகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. 26 அங்குலச் சக்கரம் 34.7 மி.மீ., சிலிண்டர் 14.7, வீச்சு 18.7 மி.மீ. வரும். உண்மை நீராவியில் ஓட்டுவதானால் சிலிண்டரை இந்த அளவுக்கே துளைக்காதீர்கள். எஞ்சினைச் சுருக்கும்போது கொள்ளளவு, சூட்டை இழக்கும் வெளிப்பரப்பைவிட வேகமாகக் குறையும். பாய்லர் சின்னதாகி, சிலிண்டர் கேட்கும் நீராவியைத் தர முடியாமல் மூச்சு வாங்கும். 10, 11 மி.மீ. துளை போதும், வெளித்தோற்றத்தை மட்டும் 14.7-க்கு உறை போட்டுக் காட்டுங்கள். பாய்லரைச் செம்பில் செய்து வெள்ளிப் பற்றவைப்புப் போடுங்கள், ஈயப் பற்று வேண்டாம். நெருப்பு மூட்டுவதற்கு முன் வேலை அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் கைப்பம்பால் தண்ணீர் ஏற்றிச் சோதியுங்கள்.

பாதையில் மிக நெருக்கமான வளைவு 'ஏகனி பாயிண்ட்' என்ற இடத்தில், ஆரம் சுமார் 18 மீட்டர். உங்கள் அளவில் அது 95 செ.மீ. இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக அகலமுள்ள மொட்டை மாடி மூலை இருந்தால் அந்த வளைவை அப்படியே போட்டுவிடலாம். மணல் மட்டும் தூவாதீர்கள். அந்த அளவுச் சக்கரத்துக்கு ஒரு மணலே பாறாங்கல்.